எஃப் ஒன் அமுக்கிய நான்கு காலைகள்

"அக்கா, லேப் ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. இப்ப நம்ம ரிப்போர்ட்டெல்லாம் கிளவுடுல இருக்கு. நீங்க வேலைக்குச் சேந்தப்ப எதுல இருந்துச்சு?" என்று போனில் கேட்டாள் நஸ்ரின். நான் ஓய்வு பெற்றபின் ரிப்போர்ட் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"கூடையில இருந்துச்சு" என்றேன்.

சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். சத்தியமாகக் கூடையில்தான் இருந்தது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்று. அதில் இரண்டு மாதம் கம்ப்யூட்டரைக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் காட்டினார்கள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், அடிக்கப்போவது இங்கிலீஷ். தொண்ணூறுகளின் நடுவில் சிம்மக்கல் பக்கத்தில் இருந்த அந்த நோயறி லேபில் ரிப்போர்ட் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ரத்தம், சிறுநீர், சதைத் துணுக்கு என எதைக் கொண்டுவந்தாலும் பார்த்துச் சொல்லும் இடம். டாக்டர் சொல்வார், நான் அடிப்பேன்.

லேப் இருந்த கட்டடம் தீப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல ஒடுங்கி உயர்ந்தது. தரைத்தளத்தில் வரவேற்பு. முதல் மாடியில் பரிசோதனைக் கூடம். இரண்டாம் மாடியில் டாக்டரின் அறையும் அதையொட்டி நான் உட்காரும் டைப்பிங் அறையும். தளத்துக்கு இருபத்தோரு படி. டாக்டர் துணிந்து நான்கு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுவிட்டார். ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நான் மேலே அடித்த ரிப்போர்ட்டை ஃபிளாப்பியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வரவேற்பில் பிரிண்ட் எடுக்க முடியும். கீழே பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்தினால் அந்த ஃபிளாப்பி மறுபடி மேலே ஏற வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை. ஆறு மாதத்தில் என் செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது.

வரவேற்பில் இருந்த செல்விதான் வழி கண்டுபிடித்தாள். இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு பூக்கூடையைக் கட்டி இறக்குவது. நான் ஃபிளாப்பியைப் போட்டு, "செல்வி, வருது!" என்பேன். அவள் வாசலுக்கு ஓடிவந்து எடுத்துக்கொள்வாள். ஒருநாள் காற்றில் கூடை சாய்ந்து, ஃபிளாப்பி நேராகக் கீழே மல்லிகை விற்றுக்கொண்டிருந்த அம்மாவின் தட்டில் விழுந்தது. அவர் அதை ஈரத்துணியில் நன்றாகத் துடைத்து, மேலே ஒரு முழம் பூவையும் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "டாக்டரம்மாவோட பாஸ்போர்ட்டு விழுந்துருச்சும்மா. பத்திரமா வச்சுக்கங்க."

ஈரத்துணியில் துடைத்த ஃபிளாப்பி திறக்கவில்லை. பதினெட்டு ரிப்போர்ட்டை மறுபடி அடித்தேன். மறுநாள் டாக்டர் முபாரக் அண்ணனை வரச் சொன்னார்.

முபாரக் அண்ணன் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். டவுசர் பையில் எப்போதும் ஒரு ஸ்குரூடிரைவரும் சட்டைப் பையில் ஒரு பாக்கெட் முறுக்கும் இருக்கும். நான்கு கம்ப்யூட்டரையும் ஒரே கறுப்பு கேபிளில் கோத்தார். டிவி ஆண்டெனா ஒயர்போலத் தடிமனானது. படிக்கட்டுச் சுவரில் ஓட்டைபோட்டு, மேலே தொடங்கிக் கீழே வரை ஒரே மாலையாக இழுத்தார். இரண்டு கடைசியிலும் விரல்நுனி அளவுக்கு ஒரு உலோக மூடி மாட்டினார்.

முதன்முதலில் நான் மேலே உட்கார்ந்து ஒரு ஃபைலைச் சேமித்து, "செல்வி, பாரு!" என்று கத்த, "அக்கா, வந்துருச்சுக்கா!" என்று கீழேயிருந்து பதில் வந்த நிமிடத்தில், நாற்பத்திரண்டு படி என் வாழ்க்கையிலிருந்து கழன்று விழுந்தது. அன்று மாலை எல்லாருக்கும் முறுக்கு.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலை எதுவுமே வேலை செய்யவில்லை. நான்கும் தனித்தனித் தீவாகிவிட்டன. முபாரக் அண்ணன் வந்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே இறங்கினார். வரவேற்பு மேசைக்கு அடியில் கேபிளின் கடைசியில் மூடியைக் காணோம். தரை பெருக்கும் அம்மா அதைக் கழற்றிச் சன்னல் ஓரம் வைத்திருந்தார்.

"சும்மா தொங்கிக்கிட்டு கெடந்துச்சுண்ணே. ஒயரு முடிஞ்ச பெறகு மூடி எதுக்கு?"

"அந்த மூடி இல்லன்னா, போன சத்தம் முட்டித் திரும்பி வந்து எல்லாத்தையும் கொழப்பிரும்மா."

"என்ன சத்தம்? ஒண்ணுமே கேக்கலையே!"

முபாரக் அண்ணன் ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கேபிள் இப்படி அடிக்கடி படுத்துக்கொண்டதால் அவர் இன்னொரு ஏற்பாடும் செய்தார். ரிப்போர்ட்டுகள் ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால், கேபிள் விட்டுப்போன நாளில் மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முழுப் பிரதி ஒன்று இருக்கும். மாலை ஐந்தரைக்கு நான் ஒரு பட்டனைத் தட்டினால் அவர் எழுதிய குட்டி புரோகிராம் ஒன்று ஓடும். ஒரே பெயருள்ள ஃபைல் இரண்டு இடத்தில் இருந்தால் அவற்றின் தேதியைப் பார்க்கும். எது புதியதோ அதைப் பழையதன்மேல் எழுதும். ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் மற்ற இடங்களுக்கும் நகல் எடுக்கும். முடிந்ததும் நான்கு கம்ப்யூட்டரிலும் ஒரே சரக்கு. இந்தப் புரோகிராமை நாங்கள் "சமன் பண்றது" என்போம்.

அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. ஒரே ரிப்போர்ட்டை மேலே நானும் கீழே செல்வியும் ஒரே நேரத்தில் திருத்தினால், கடைசியில் சேமித்தவர் கையே ஓங்கும். மற்றவர் செய்த வேலை போச்சு. அதைத் தடுக்க எங்களிடம் இருந்த தொழில்நுட்பம் தொண்டை. ஒரு ஃபைலைத் திறக்கும்முன் படிக்கட்டுப் பக்கம் திரும்பி அதன் எண்ணைக் கத்த வேண்டும். "நானூத்தி ஏழு என் கையில!" ஒருநாள் அப்படிக் கத்தியபோது வரவேற்பில் காத்திருந்த பெரியவர் ஒருவர் டோக்கன் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, கையில் சிறுநீர்ப் பாட்டிலோடு இரண்டு மாடி ஏறி வந்து என் மேசைமேல் வைத்துவிட்டார். "இந்தாம்மா, சூடா இருக்கு."

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் ரெஜினா. மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். குள்ளம், கஞ்சிபோட்ட பருத்திச் சேலை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "சரி" என்பார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து எங்கள் தப்பின் அளவைத் தெரிந்துகொள்வோம்.

கம்ப்யூட்டரை விரும்பி வாங்கினாரே தவிர, அதை நம்பினார் என்று சொல்ல முடியாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ஒவ்வொன்றையும் முதலில் தன் தடித்த நோட்டில் பச்சை மையில் ஒரு வரி எழுதுவார். பிறகுதான் எனக்குச் சொல்லுவார். பிரிண்ட் எடுத்த ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்து. வாரந்தோறும் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒத்துப்பார்ப்பது என்று ஒரு சடங்கு. அவர் நோட்டைப் பார்த்து எண்ணையும் முடிவையும் படிப்பார். நான் திரையில் அதே எண்ணைத் திறந்து, அங்கே இருப்பதைப் படிப்பேன். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல இருக்கும். எனக்கு அது வெட்டிவேலையாகத்தான் தோன்றியது. நான் அடித்ததை நானே படிக்க எதற்கு ஒரு மணி நேரம்?

அந்தப் புதன்கிழமை வரை அப்படித்தான் நினைத்தேன்.

அன்று நாங்கள் பாதி வரை வந்திருந்தோம். டாக்டர் அடுத்த எண்ணைப் படித்தார். "நானூத்திப் பன்னெண்டு. பேச்சியம்மாள். மார்புக் கட்டி. காசநோய்." அவர் படித்தது இங்கிலீஷில். பொருள் இதுதான்.

நான் திறந்து படித்தேன். "புற்றுநோயாக இருக்கலாம் என்ற சந்தேகம்."

டாக்டர் நிமிரவில்லை. "திரும்பப் படி, பாமா."

திரும்பப் படித்தேன். அதேதான்.

அந்தக் கேஸ் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். மார்பில் கட்டி. திருமங்கலத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சின்னத் துணுக்கு எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை முதல் ஸ்லைடைப் பார்த்தவுடன் டாக்டருக்குச் சந்தேகம். தன் வழக்கப்படி அதை வரைவாக எனக்குச் சொன்னார். நான் அடித்துச் சேமித்தேன். சதையை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்க்க வேண்டும், வேறு சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றார். சனிக்கிழமை மதியம் அது தயாரானது. பார்த்தால் புற்று இல்லை, காசநோய்க் கிருமி. மார்பில் அபூர்வமாக வரும். தொட்டுப் பார்த்தால் அச்சு அசல் புற்றுக்கட்டி மாதிரியே இருக்கும். மாத்திரையில் குணமாகிவிடும். டாக்டர் அன்று சந்தோஷமாக இருந்தார். நான் அதே ஃபைலைத் திறந்து முடிவை மாற்றி அடித்து, பிரிண்ட் எடுத்து, அவர் படித்துக் கையெழுத்துப் போட்டு, திருமங்கலத்துக்குத் தபாலில் போனது. என் விரலே அடித்த திருத்தம். இப்போது திரையில் இல்லை.

கீழே செல்வியைக் கூப்பிட்டு அவள் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் பழையது. கூடத்திலும் பழையது. டாக்டர் அறையிலும் பழையது. நான்கும் ஒற்றுமையாக ஒரே பொய்யைச் சொல்லின.

"பரவாயில்லை, சரியான ரிப்போர்ட்தான் தபாலில் போய்விட்டதே" என்று டாக்டர் சொல்லத் தொடங்கும்போதே எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

முந்தின நாள், செவ்வாய்க்கிழமை மதியம், செல்வி சாப்பிடப் போயிருந்தாள். நான் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்தார். வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. "பேச்சியம்மா வீட்டுக்காரருங்க. தபாலு இன்னும் வரலைன்னு திருமங்கலத்து டாக்டரு சொல்லிட்டாரு. ஒரு நகலு குடுத்தீங்கன்னா கையோட வாங்கிட்டுப் போயிருவேன். ரெண்டு மணி பஸ்ஸ விட்டா அம்புட்டுதான்." நான் அவசரமாக நானூற்றுப் பன்னிரண்டைத் தட்டினேன். பிரிண்டர் கரகரவென்று ஓடியது. காகிதத்தைக் கிழித்து, 'நகல்' முத்திரை குத்தி, ஓரத்தில் என் இனிஷியலைப் போட்டு, மடித்து உறையில் வைத்துக் கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டு ஓடினார். நகலுக்கு டாக்டர் கையெழுத்து வேண்டாம் என்பது அப்போதைய வழக்கம். மூன்று நாள் முன்பு நானே திருத்திய ரிப்போர்ட். அதை நான் படித்துப் பார்க்கவில்லை.

"டாக்டர், நேத்து இதுக்கு நகல் குடுத்துட்டேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. போனை எடுத்து நர்சிங் ஹோமுக்குச் சுழற்றினார். எங்கேஜ்டு. மறுபடி. எங்கேஜ்டு. ஐந்து நிமிடம் விடாமல் போட்டார். அங்கே யாரோ ரிசீவரைச் சரியாக வைக்கவில்லை போல. மணி ஒன்பதரை ஆகப்போகிறது.

"செல்வி, நீ இந்த நம்பரை விடாமப் போட்டுக்கிட்டே இரு. கிடைச்சா, 'நானூத்திப் பன்னெண்டு தப்பு, கத்தி வைக்காதீங்க'ன்னு மட்டும் சொல்லு. பாமா, ஸ்லைடுப் பெட்டியை எடுத்துக்கிட்டு வா."

டாக்டரே கார் ஓட்டினார். பச்சை மை நோட்டு பின்சீட்டில். ஸ்லைடுப் பெட்டி என் மடியில். "ஆட்டாமப் பிடி" என்றார். பழங்காநத்தம் தாண்டினோம். திருமங்கலத்துக்குச் சற்று முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் பருத்தி ஏற்றிய லாரி ஒன்று. டாக்டர் என்ஜினை அணைத்தார்.

"எப்படி மாறுச்சு?"

எனக்குத் தெரியும். கிளம்பும்முன் ஒரு நொடி ஃபைல் பட்டியலைப் பார்த்திருந்தேன். சனிக்கிழமையிலிருந்து என் கம்ப்யூட்டரில் நான் அடித்த ரிப்போர்ட்டுகளுக்கு நேராக எல்லாம் 1980, ஜனவரி 1 என்று தேதி.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டபோது கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. கடிகாரம் சரியில்லை, தொடர வேண்டுமானால் எஃப் ஒன் பட்டனை அமுக்கு என்று. அமுக்கினேன். வேலை ஓடியது. ரிப்போர்ட்டில் தேதியை நானே கையால் அடிப்பேன் என்பதால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. திங்கள் காலையும் வந்தது, அமுக்கினேன். செவ்வாய். புதன். ஏதோ வாசல் மணி அடிக்கிறது, கதவைத் திறந்து விடுகிறோம் என்கிற மாதிரி. முபாரக் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது உண்மை. அவர் வந்தால் அரைநாள் வேலை கெடும் என்று தள்ளிப்போட்டதும் உண்மை.

என் கம்ப்யூட்டரின் கடிகாரம் தினமும் 1980-க்குப் போய்விட்டது. நான் திருத்திய ரிப்போர்ட்டுக்கு அந்தத் தேதி விழுந்தது. சனிக்கிழமை மாலை சமன் பண்ணும்போது, புரோகிராம் இரண்டையும் ஒப்பிட்டது. கீழே வெள்ளிக்கிழமை தேதியுள்ள வரைவு. மேலே 1980 தேதியுள்ள திருத்தம். எது புதிது? வரைவுதான். அதை எடுத்துத் திருத்தத்தின்மேல் எழுதிவிட்டது. புதிதாக அடித்தவை எல்லாம் எங்கும் இல்லாதவை என்பதால் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. திருத்தியவை மட்டும் பழையபடி திரும்பின.

ரயில் போய் முடிவதற்குள் இவ்வளவையும் சொன்னேன். எஃப் ஒன் அமுக்கியதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கேட் மூடிக் கிடந்த அந்தச் சில நிமிடத்தில், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒருமுறை நினைத்தும் பார்த்தேன்.

"எத்தனை நாளா?"

"நாலு நாள் காலையில, டாக்டர்."

"சரி" என்றார். கேட் திறந்தது.

நர்சிங் ஹோம் வராந்தாவில் பெஞ்சில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பச்சை அங்கி போட்டுவிட்டிருந்தார்கள். தலையை இரண்டாகப் பின்னித் துணி கட்டியிருந்தது. பக்கத்தில் அந்த மனிதர். அவர் கையில் விரித்த கைக்குட்டை, அதில் அவள் கண்ணாடி வளையல், மூக்குத்தி, தாலிக்கொடி. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். அவர் அதை மடிக்கவும் தெரியாமல், விரித்துப் பிடிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "அம்மா, நேத்து நீங்க குடுத்த காகிதத்த டாக்டருகிட்டக் குடுத்துட்டேங்க. பதினோரு மணிக்கு எடுத்துருவாகளாம்."

மணி பத்து ஐம்பது.

சர்ஜன் கை கழுவத் தொடங்கியிருந்தார். பெரிய உருவம், பெரிய குரல். டாக்டர் ரெஜினா அவர் மார்பு உயரத்துக்குத்தான் இருந்தார்.

"என்ன டாக்டர், வெளையாடுறீங்களா? நேத்து உங்க லேப் காகிதம், முத்திரையோட வந்திருக்கு. தொட்டுப் பாத்தா எனக்கும் அப்படித்தான் தெரியுது. இப்ப வந்து இல்லைங்கிறீங்க. நான் எதை நம்புறது?"

"காகிதத்தை நம்ப வேண்டாம், சார். கண்ணால பாருங்க" என்றார் டாக்டர்.

பக்க அறையில் ஒரு பழைய மைக்ரோஸ்கோப் இருந்தது. நான் பெட்டியைத் திறந்தேன். டாக்டர் ஸ்லைடை வைத்து, வெளிச்சத்தைத் திருப்பி, திருகைத் திருகிவிட்டு விலகி நின்றார். சர்ஜன் குனிந்தார். டாக்டர் அடுத்த ஸ்லைடை, சாயம் ஏற்றியதை, வைத்தார். "நீலத்துக்கு நடுவுல சிவப்பாக் குச்சி குச்சியா, பாருங்க."

அவர் நிமிர அதிக நேரம் ஆனது. தலையிலிருந்த துணிக் குல்லாயைக் கழற்றித் தொட்டியில் போட்டார். "தியேட்டர கேன்சல் பண்ணச் சொல்லும்மா" என்று நர்ஸிடம் சொன்னார். பிறகு மெதுவாக, "முழு மார்பையும் எடுக்கிறதா இருந்தேன் டாக்டர்" என்றார்.

டாக்டர் வராந்தாவுக்கு வந்து பேச்சியம்மாளின் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

"உனக்கு இருக்கிறது புத்து இல்லம்மா. டிபி. நெஞ்சுல வர்ற மாதிரி இது மார்புல வந்திருக்கு. மாத்திரையில போயிரும். ஆபரேஷன் வேண்டாம். நேத்து குடுத்த காகிதம் தப்பு. எங்க லேப்ல நடந்த தப்பு."

"நாந்தான் எடுத்துக் குடுத்தேன். படிச்சுப் பாக்காமக் குடுத்துட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கேட்டது.

கணவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் கைக்குட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கைக்குட்டையை அப்படியே அவள் மடியில் வைத்தார். வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

பேச்சியம்மாள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நெசமாவே அறுக்க மாட்டாகளா?"

"மாட்டாங்க."

"அப்ப நான் சாப்புடலாமா? நேத்து பொழுது சாயவே கஞ்சி குடிச்சதோட சரி. பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதுன்னுட்டாக. பசி கண்ண மறைக்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. நான் எதிரே இருந்த ஓட்டலுக்கு ஓடினேன். ஆறு இட்லி, இரண்டு வடை. பேச்சியம்மாள் பச்சை அங்கியோடு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒரு விள்ளல் மீதமில்லாமல் சாப்பிட்டாள். மூன்றாவது இட்லியில்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நான்காவதையும் சாப்பிட்டாள்.

செல்விக்கு லைன் கிடைத்தது பதினொன்றரைக்கு. அசல் ரிப்போர்ட் தபாலில் போய்ச் சேர்ந்தது வியாழக்கிழமை.

லேபுக்குத் திரும்பியதும் முபாரக் அண்ணன் என் கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளேயிருந்து சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரியை எடுத்துக் காட்டினார். "இதாம்மா. இது செத்துப்போச்சு. மெஷினுக்கு மணி தெரியாமப் போச்சு." வழக்கமாக மேசைமேல் வைக்கும் முறுக்கை அன்று அவர் வெளியே எடுக்கவே இல்லை. "எம் புரோகிராமும் தப்புதான். தேதிய மட்டும் பாத்தா எப்புடி? நாந்தான் யோசிச்சிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றே நான்கிலும் புதுப் பேட்டரி போட்டார்.

அந்த நான்கு நாளில் திருத்திய ரிப்போர்ட்டுகளை நோட்டோடு ஒத்துப்பார்த்தோம். இன்னும் ஐந்து பழையபடி திரும்பியிருந்தன. வயது, எழுத்துப்பிழை மாதிரி சின்னச் சின்னத் திருத்தங்கள். எதற்கும் நகல் போகவில்லை.

மாலையில் டாக்டர் பச்சை மை நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். "என்ன நடந்ததுன்னு நீயே எழுது."

அவர் பேனாவில் நான் எழுதியது அந்த ஒரு முறைதான். 'கம்ப்யூட்டர் பிழையால் பழைய ரிப்போர்ட் வெளியே போனது' என்று எழுதிக் காட்டினேன். படித்தார். இப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கம்ப்யூட்டர் நாலு நாளா உன்கிட்டச் சொல்லிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

அந்த வரியைக் கோடுபோட்டு அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். எஃப் ஒன்னை எழுதினேன். படிக்காமல் மடித்ததை எழுதினேன். அதற்குக் கீழே அவர், 'வரைவைப் பொது ஃபைலில் வைக்கச் சொன்னது நான். கையெழுத்தில்லாமல் நகல் கொடுக்கலாம் என்று அனுமதித்ததும் நான்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்திருந்தேன். "நாளைக்கு எட்டரைக்கே வா, நிறைய மாத்தணும்" என்றார்.

மாற்றினோம். வரைவு தனி ஃபைல், அதன் பெயரிலேயே 'வரைவு' என்று இருக்கும், அது என் அறையைத் தாண்டாது. திருத்தினால் பழையதன்மேல் எழுதாமல் இரண்டு, மூன்று என்று எண் போட்டுப் புது ஃபைல். சமன் பண்ணும் புரோகிராம் எதையாவது அழித்து எழுதும்முன் நிறுத்தி என்னைக் கேட்கும். நகலானாலும் டாக்டர் படிக்காமல் படியிறங்காது. காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் தன் கம்ப்யூட்டரில் இருக்கும் தேதியையும் மணியையும் படிக்கட்டைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். வரவேற்பில் காத்திருப்பவர்கள் நாங்கள் ஏதோ பிரார்த்தனை செய்கிறோம் என்று எண்ணிக் கும்பிட்டதும் உண்டு. அதன்பின் வந்த வருடங்களில் கேபிள் மாறியது, கம்ப்யூட்டர் எட்டானது, பிறகு பதினாறானது. நான் ஓய்வுபெறும் வரை ஒரு நகல்கூடப் படிக்காமல் கொடுத்ததில்லை.

பேச்சியம்மாள் எங்கள் லேபுக்கு வந்தது அடுத்த வருடம். மாத்திரை முழுக்க முடித்து, கட்டி கரைந்துவிட்டதா என்று பார்க்க வந்திருந்தாள். கரைந்திருந்தது. கன்னத்தில் சதை போட்டிருந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல். நேராக இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தாள்.

"எந்தப் பொட்டிம்மா எனக்குப் புத்துன்னு சொன்னது?"

காட்டினேன். சுற்றி வந்து பார்த்தாள். பின்பக்க ஒயரைக்கூடக் குனிந்து பார்த்தாள். "இம்புட்டுக்காணு இருந்துக்கிட்டா அப்படிச் சொல்லுச்சு? அது இன்னும் இதுக்குள்ள இருக்கா?"

இருந்தது. என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியாக அந்தத் தப்பான ஃபைலை மட்டும் தனியே ஒரு ஓரத்தில் வைத்திருந்தோம். சொன்னேன்.

"அத எடுத்துரும்மா. எம்பேர்ல அது எதுக்கு?"

நான் டாக்டர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "நடந்ததெல்லாம் நோட்டுல இருக்கு. அழிச்சிரு" என்றார். ஒரு கணம் கழித்து, "நீ அழிக்காத. அவங்களையே அழிக்கச் சொல்லு."

பேச்சியம்மாளை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். ஃபைலைத் தேர்ந்தெடுத்து, எந்தப் பட்டன் என்று காட்டினேன். ஆள்காட்டி விரலை நீட்டி, சுடுகிறதா என்று பார்ப்பதுபோல ஒருமுறை தொட்டுவிட்டு எடுத்தாள். பிறகு அழுத்தினாள். திரையில் ஒரு கட்டம் எழுந்து நின்றது.

"என்னமோ எழுதுதே?"

"நெசமாவே அழிச்சிரவான்னு கேக்குது."

"இதயும் ஒரு கேள்வின்னு கேக்குதா!" என்றாள் பேச்சியம்மாள். நான் காட்டுவதற்குள், பெரிய பட்டனாகப் பார்த்து, சரியாக எண்டரையே வளையல் குலுங்க ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினாள்.